ஆரஞ்சுக்கு அடியில் கறுப்பு

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் மழை. அதிலேயே பயிற்சி. இருபத்திரண்டு ஜோடி பூட்ஸும் சேற்றில் புரண்ட எருமைகள் மாதிரி என் அறைக்கு வந்து சேர்ந்தன. பிரஷ், வாளி, பழைய துணி, நான். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் முதுகை நிமிர்த்தினேன்.

இந்தப் பெண்கள் கால்பந்துக் குழுவின் பூட்ஸ் அறையில் பன்னிரண்டு வருஷம். பிள்ளைகளின் முகத்தைவிட அவர்கள் பூட்ஸ்தான் எனக்கு நன்றாகத் தெரியும். கோல்கீப்பருக்குக் குதிகால் வழுக்கும், உள்ளே பஞ்சு வைத்திருப்பாள். தடுப்பாட்டக்காரி சுண்டுவிரல் பக்கம் பிளேடால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறாள். யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கொக்கின் பூட்ஸைக் கடைசியில்தான் கழுவுவேன். சுவரொட்டியில் இருப்பவள், ஊரே கைதட்டுகிறவள், அவள் கால் மட்டும் நாலு வருஷமாக அதே கறுப்பு ஜோடிக்குள். தோல் துணி மாதிரி ஆகிவிட்டது. அடியை இரண்டு முறை தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒற்றைக் காலில் நின்றபடியே கயிறு கட்டுவாள், அதனால் கொக்கு. அவள் அம்மாவே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாளாம்.

இன்று போகும்போது கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "அக்கா, என் பேர்ல பூட்ஸ் வரப்போகுது. கம்பெனி சம்மதிச்சிருச்சு. ஒரு பொண்ணு பேர்ல வர்றது இதான் முதல் தடவையாம்."

என் கையெல்லாம் சேறு. அப்படியே கட்டிக்கொண்டாள்.

பிப்ரவரி 12, புதன்

கடுகிடம் சொன்னேன். தங்கையின் மகள், பதினொரு வயது, பள்ளியில் கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறவள். தங்கை தூரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடுமுறைக்குத்தான் வருவாள். அதனால் நாலு வருஷமாக இவள் எங்கள் வீட்டுப் பிள்ளை. உருவம் சின்னது, காரம் பெரிசு, பேர் வைத்தது என் வீட்டுக்காரர்.

சேதி கேட்டதும் கடுகு நாற்காலி மேல் ஏறிக்கொண்டாள். "பெரியம்மா, நீ அந்த பூட்ஸைத் தொடுவியா?"

"தொடாம எப்படிக் கழுவறது?"

"அப்ப கையைக் கழுவாத."

பேருந்து ஓட்டுகிற அவர், வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "அவ கையைக் கழுவலேன்னா நமக்குச் சாப்பாடு கிடையாது, யோசிச்சுக்க" என்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பெட்டி வந்தது. ஆரஞ்சு. குதிகாலில் வெள்ளையாக ஒரு சின்னக் கொக்கு. அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் உள்ளே கைவிட்டுப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆனது. முன்பக்கம் குறுகல், குதிகால் அகலம். ஆம்பளைக் காலுக்குச் செய்த அச்சை அப்படியே சின்னதாக்கியிருக்கிறார்கள். கொக்கின் காலுக்கு நேர் எதிர். முன்னே விரிந்த பாதம், பின்னே ஒடுங்கிய குதிகால்.

கேமராக்காரர்கள் போன பிறகு கேட்டேன். "எப்படி இருக்கு?"

"ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 22, சனி

முதல் ஆட்டம். அறுபதாவது நிமிடத்தில் அவளே கைகாட்டி வெளியே வந்துவிட்டாள். அவள் காலுறையை மட்டும் தனியாகத் துவைத்தேன். விரல் பக்கமும் குதிகாலும் ரத்தம்.

"புதுசுதானேக்கா. பழகிடும்."

மார்ச் 1, சனி

பழகவில்லை. இன்று கோல் வாசலில் பந்து அவள் காலடிக்கே வந்தது, கண்ணை மூடிக்கொண்டு அடித்தால்கூடப் போயிருக்கும். பாதம் உள்ளே நழுவியதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். பந்து வெளியே போனது.

கூட்டத்தில் ஒருத்தன்: "பூட்ஸ் விக்கத்தான் வந்தியா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய.

மார்ச் 4, செவ்வாய்

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் கொக்கு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கம்பெனிப் பிரதிநிதியிடம் இரண்டு முறை சொன்னாளாம். அச்சை மாற்ற ஒரு வருஷம் ஆகும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றானாம். பொறுக்கிறது அவன் காலா?

அலமாரியைத் திறந்து பழைய கறுப்பு ஜோடியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அக்கா, இதை ஆரஞ்சாக்க முடியுமா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பெயிண்டா?"

"மேல மட்டும் அவங்களுது. உள்ள என்னுது. யாருக்கும் தெரியாது. இந்த சீசன் முடியற வரைக்கும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் நின்றது ஒரு காலில், இந்த முறை கயிறு கட்ட இல்லை, இன்னொரு காலை ஊன்ற முடியாமல்.

சரி என்றேன்.

மார்ச் 6, வியாழன்

செய்துவிட்டேன். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தால் பழைய மெருகைத் துடைத்து, மெல்லிசு மெல்லிசாக நாலு பூச்சு. தடியாகப் பூசினால் விரல் மடங்குகிற இடத்தில் வெடிக்கும். வெள்ளைக் கொக்குதான் கஷ்டம். முதல் தடவை வாத்து மாதிரி வந்தது. கொக்கு பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து.

அடிப்பாகத்தையும் பூசச் சொன்னாள். "அடியில யாரும்மா பாக்கப்போறா?" என்றேன்.

"கீழ விழுந்தா தெரியும்க்கா. நான் நிறைய விழுவேன்."

மார்ச் 8, சனி

இரண்டு கோல். இரண்டாவது, பாதி மைதானம் ஓடி வந்து அடித்தது. வர்ணனையாளர் "இந்த ஆரஞ்சு பூட்ஸ் செய்கிற மாயத்தைப் பாருங்கள்" என்றார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். கொக்கும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மார்ச் 15, சனி

மூன்று கோல். கடைகளில் அந்த பூட்ஸ் கிடைக்கவில்லையாம்.

மார்ச் 23, ஞாயிறு

தங்கையிடமிருந்து பார்சல். கடுகு பிரித்த வேகத்தில் பெட்டியே கிழிந்தது. ஆரஞ்சு. கொக்கு போட்ட ஆரஞ்சு.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு டக் டக் என்று நடந்தாள். அவர், "தூங்கும்போதாவது கழட்டுவியா, இல்ல போர்வைக்கும் கோல் அடிப்பியா?" என்றார். அவள் அந்த பூட்ஸோடு உட்கார்ந்திருந்த அழகு — முதுகு நேராக, முழங்கால் சேர்த்து, யாரோ வந்து பார்க்கப் போகிற மாதிரி.

அவளுக்குச் சரியாக இருக்கலாம். சின்னக் கால்தானே. இருக்கலாம்.

மார்ச் 30, ஞாயிறு

இல்லை. குளித்துவிட்டு வந்தவள் காலைத் துண்டால் மூடிக்கொண்டே போனாள். பிடித்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருக்கிறது. சுண்டுவிரல் சிவந்து வீங்கியிருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"கொக்கு அக்கா வலிக்குதுன்னு சொல்றாங்களா?"

ஏப்ரல் 2, புதன்

கடுகு பயிற்சிக்குப் போகவில்லை. நேற்றும் போகவில்லையாம், பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். பந்தை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இதே பூட்ஸ்ல அவங்க மூணு கோல் போடுறாங்க. எனக்கு ஓடவே வரல. அப்ப பூட்ஸ்ல ஒண்ணும் இல்ல. என் கால்லதான் ஏதோ தப்பு. எனக்கு இது சரிப்படாது பெரியம்மா."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. மென்று முழுங்கிவிட்டேன். அது என் ரகசியம் இல்லையே. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன மனுஷி நான்? குழந்தை தன் காலைப் பார்த்து வெட்கப்படுகிறாள், நான் பெயிண்ட் டப்பாவைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டேன். அது ஒன்றுதான் செய்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். நீ பெயிண்ட்ல மறைச்சிருக்க."

"அவ சம்மதம் இல்லாம நான் எப்படிச் சொல்றது?"

"உண்மை சொல்ல அவ சம்மதம் வேணும், சரி. கடுகு பத்து நாளா ரத்தத்தோட நடந்தாளே, அதுக்கு யார் சம்மதம் கேட்டீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கொக்கிடம் சொன்னேன். கடுகின் கால், அவள் சொன்ன வார்த்தை, ஒன்று விடாமல்.

முதலில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு எழுந்துவிட்டாள். "என்னை என்னக்கா பண்ணச் சொல்றீங்க? நான் இதை விட்டுட்டா, இன்னும் பத்து வருஷத்துக்கு ஒரு பொண்ணு பேரைப் பூட்ஸ்ல போட மாட்டாங்க. பாத்தியா, பொம்பளைங்களை நம்பினா இப்படித்தான்னு சொல்லுவாங்க. அது உங்க கடுகுக்கு நல்லதா?"

அவள் சொன்னதும் நிஜம்தானே.

"நீங்களுமா அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதவைக்கூட அறையவில்லை.

ஏப்ரல் 5, சனி

சமன். ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கோல்கீப்பரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஐந்தாவது ஆட்டம், விரல் பக்கம் ஆரஞ்சு வெடித்துக் கறுப்பு தெரிந்தது. தொட்டுச் சரிசெய்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கதவைத் திறந்தால் கொக்கு. தலையில் தொப்பி, கையில் ஒன்றுமில்லை.

"பிள்ளை இருக்காளா?"

கடுகு பாடப் புத்தகத்தோடு தரையில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் பேனாவைக் கீழே போட்டாள், எடுக்கத் தோன்றவில்லை. கொக்கு அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள். நானே இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. இரண்டு விரலில் நகம் இல்லை. சுண்டுவிரல் ஓரம் காய்த்துப்போயிருக்கிறது. குதிகாலில் பழுப்பாகத் தழும்பு, நடுவில் இன்னும் ஆறாத புண்.

"இது அந்த ஆரஞ்சு பூட்ஸ் பண்ணது. ரெண்டு ஆட்டம்தான் போட்டேன். அதுக்கப்புறம் நான் போட்டது என் பழைய கறுப்பு. மேல பெயிண்ட்."

கடுகு காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப பொய்யா?"

"ஆமா."

"மூணு கோலும்?"

"கோல் நிஜம். பூட்ஸ் பொய்."

கடுகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "பெயிண்ட் யாரு அடிச்சது?"

கொக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "நான்தான்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தரையில், பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைத்த பிள்ளைகள் மாதிரி.

திரும்பி வந்தாள். கையில் கொப்புள மருந்து டியூப். அதைக் கொக்கின் கையில் கொடுக்கவில்லை, தானே பிதுக்கிக் குதிகாலில் தடவினாள். "முதல்ல எரியும். அப்புறம் சரியாயிடும்" என்றாள்.

கொக்கு தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 9, புதன்

கடுகு என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு "உம்". அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

கொக்கு வந்து பூட்ஸை மேசையில் வைத்தாள். "சுரண்டிடலாம்க்கா."

"யோசிச்சியா?"

"கோச்கிட்ட சொல்லிட்டேன். கம்பெனிக்கும் சொல்லிட்டேன். ஒண்ணு ஆரஞ்சைப் போட்டு ஆடு, இல்ல ஒப்பந்தம் முடிஞ்சதுன்னாங்க. முடிஞ்சுதுன்னே வச்சுக்கங்கன்னேன்."

"பத்து வருஷம்னு சொன்னியே."

"சொன்னேன். ஆனா அந்தப் பிள்ளை என்னை மாதிரி ஆகணும்னு வலியை மறைச்சிருக்கா. அதுதானே அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது?" பூட்ஸை என் பக்கம் தள்ளினாள். "என் பேர்ல அது வர வேண்டாம்க்கா."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பூட்ஸைச் சுரண்டினோம். ஆரஞ்சுத் தூள் மடியெல்லாம். வெள்ளைக் கொக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. கஷ்டப்பட்டு வரைந்தது, கஷ்டப்படுத்தித்தான் போனது.

ஏப்ரல் 12, சனி

கறுப்பு பூட்ஸோடு இறங்கினாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஒரு கோல், வெற்றி. ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் கேட்டார்கள். மறைக்காமல் சொன்னாள். அந்த பூட்ஸ் தன் காலை வெட்டியது, ஐந்து ஆட்டமாகத் தான் போட்டது இதையேதான், மேலே பெயிண்ட் என்று. பிறகு:

"அதை வாங்கிப் போட்ட பிள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். வலிச்சா அது பூட்ஸோட குத்தம். உங்க கால்ல தப்பு இல்ல."

பெயிண்ட் அடித்தது யார் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

வீட்டில் டிவி முன்னால் கடுகு உட்கார்ந்திருந்ததாக அவர் சொன்னார். முடிந்ததும் குனிந்து தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம்.

ஏப்ரல் 14, திங்கள்

மேனேஜர் கேட்பதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். "பன்னிரண்டு வருஷம்மா" என்றார். வேலை இருக்கிறது. ஆனால் இந்த சீசன் முழுக்க வெளியூர் ஆட்டங்களுக்கு நான் குழுவோடு போகக்கூடாது. இறுதி ஆட்டம் வெளியூரில்தான்.

வாசலில் இரண்டு ஆட்கள் ஏணி போட்டுக் கொக்கின் பெரிய சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வரை கிழிந்து, அதற்குமேல் வரவில்லை.

அறைக்கு வந்தால் தடுப்பாட்டக்காரி நின்றாள். பிளேடால் கீறிய தன் பூட்ஸைக் காட்டி, "இதைக் கொஞ்சம் ஒழுங்கா வெட்டித் தைக்க முடியுமாக்கா?" என்றாள். அவளுக்குப் பின்னால் கோல்கீப்பர், பஞ்சை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு. அதற்குப் பின்னால் இன்னும் நாலு பேர். இத்தனை வருஷமும் ஒவ்வொருத்தியும் தன் கால்தான் கோணல் என்று நினைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 26, சனி

இறுதி ஆட்டத்தை வீட்டில் பார்த்தேன். அவர் ஒரு பக்கம், கடுகு ஒரு பக்கம், நடுவில் நான். கொக்கின் இடது பூட்ஸ் கயிறு ஒரு சுற்று அதிகம் சுற்றியிருந்தது. அடி மறுபடி பிரிந்திருக்குமோ, அங்கே யார் தைத்துக் கொடுப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசி நிமிடத்தில் அவள் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒன்றுக்குப் பூஜ்ஜியம். தோற்றுப்போனோம்.

அவர் டிவியை அணைத்தார். கடுகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த பந்தை எடுத்தாள். தூசியைத் தன் சட்டையில் துடைத்தாள். வெறுங்காலோடு தெருவுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுச் சுவரில் பந்து மோதுகிற சத்தம்.

"அந்த வீட்டம்மா திட்டப் போறாங்க" என்றார் அவர். ஆனால் அவரும் எழுந்து போய்த் தடுக்கவில்லை.

மே 13, செவ்வாய்

இன்று அதே கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிரதிநிதி இல்லை, பூட்ஸ் வடிவமைக்கிறவள். கையில் ஒரு மரப்பலகை, அளவு நாடா, வெள்ளைக் காகிதக் கட்டு. ஆரஞ்சு பூட்ஸைத் திருப்பி அனுப்பி நிறைய அம்மாக்கள் கடிதம் எழுதியிருக்கிறார்களாம். பிள்ளைகளின் காலைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பியிருக்கிறார்களாம். ஒரு பெட்டி நிறைய.

"பெண்கள் கால் எப்படி இருக்கும்னு எங்ககிட்ட அளவே இல்லைங்க. அதுதான் உண்மை" என்றாள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள்.

கொக்கு, "என் பேர் வேண்டாம். முதல்ல எல்லாரையும் அளங்க" என்றாள். இருபத்திரண்டு பேரும் வரிசையில், வெறுங்காலோடு, கூச்சத்தில் ஒருத்தி காலை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டு. எந்தக் கால் எங்கே இடிக்கும் என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். மூன்று பக்கம் ஆனது.

அவள் போன பிறகு கேட்டேன். "செய்வாங்களா?"

"தெரியலக்கா" என்றாள் கொக்கு. "நம்ம காலை யாரோ குனிஞ்சு பாத்தாங்க இல்ல. அது வரைக்கும் சரி."

ஜூன் 1, ஞாயிறு

பள்ளிக் குழுவில் கடுகின் பெயர் வந்துவிட்டது. ஆட அவளுக்கு ஏதாவது வேண்டுமே. மூன்று பேரும் கடைக்குப் போனோம்.

அவள் முதலிலேயே ஒரு நீல ஜோடியைப் பார்த்துவிட்டாள். பளபளவென்று, ஓரத்தில் வெள்ளிக் கோடு. கண் அதைவிட்டு நகரவில்லை. அந்த ரகத்தில் அதுதான் கடைசி ஜோடி, வேறு அளவு இல்லை. போட்டுக்கொண்டு இரண்டு நடை நடந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பிறகு வந்து என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டி என் மடியில் வைத்தாள். ஏழு வாரமாக "உம்" தவிர வேறு பேசாதவள்.

"பெரியம்மா, இங்க இடிக்குதான்னு பாரு." கொஞ்சம் நிறுத்தி, "பொய் சொல்லாத."

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். சுண்டுவிரல் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"இடிக்குதுடா" என்றேன்.

தலையாட்டினாள். கயிற்றை அவிழ்க்கும்படி மறு காலையும் என் மடியில் தூக்கி வைத்தாள்.